வந்தியின் பங்கை அடைத்தது யார்?

மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில் இருக்கிறது திருக்கடையூர். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. மார்க்கண்டேயனுக்காக எமதர்மனையே காலால் உதைத்த காலசம்ஹார மூர்த்தி அருளும் தலம். அமிர்தகடேஸ்வரரும் அன்னை அபிராமியும் கோலோச்சும் இந்தக் கோயிலில் வருடம் முழுக்கக் கல்யாண வீட்டுக் களைதான்! 60 வயது நிறைந்தவர்களுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, 70-ல் பீமரத சாந்தி, 80-ல் சதாபிஷேகம் என்று பிராகாரம் முழுக்க ஹோமப் புகை, நாகஸ்வரம், மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகள்... பார்க்கவே கண் நிறைந்துவிடும்.

அப்படியொரு சதாபிஷேகத்தை அங்கே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயிரம் பிறை கண்ட பெரியவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, அவருடைய மனைவி சக்கர நாற்காலியில். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவராம். கலச நீரை ஊற்றிவிட்டு, இரண்டு மகன்களும் மகளும் பிராகாரத்து மூலையில் ஒதுங்கினார்கள். விழாச் செலவை மூன்றாகப் பிரிப்பதில் அவர்களுக்குள் பிரச்னையே இல்லை. நிமிடத்தில் முடிந்துவிட்டது. அடுத்த பேச்சுதான் சிக்கியது.

''ஆயாம்மாவுக்கு மாசம் 18 ஆயிரம். டயப்பர், மருந்து தனி. இது எத்தனை வருஷத்துக்கோ தெரியாது...'' என்று இழுத்தார் பெரியவர்.

''அண்ணா, எனக்கு வீட்டு லோன் இருக்கு. அம்மா அக்காகிட்டதானே இருக்காங்க'' என்றார் சின்னவர்.

அதுவரை பேசாமல் இருந்த அக்கா, ''நான் வேலையை விட்டு ரெண்டு வருஷமாச்சுடா. அந்தக் கணக்கை எதில் எழுதறது?'' என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பந்திக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார்கள்.

நமக்கும் இது புதிதா என்ன? எந்த வீட்டில் இந்தப் பேச்சு வரவில்லை? எமனை உதைத்த இறைவனிடம் வந்து, 'அப்பாவுக்கு நீண்ட ஆயுளைக் கொடு' என்று கேட்கிறோம். அவனும் கொடுக்கிறான். கேட்டு வாங்கிய ஆயுளுக்கு யார் செலவு செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசுவதில்லை!

இந்தத் தலத்தின் புராணத்திலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. எமன் வீழ்ந்ததும் பூமியில் மரணமே இல்லாமல் போனது. உயிர்களின் பாரம் தாங்காத பூமாதேவி ஈசனிடம் முறையிட, அதன்பிறகே எமனை உயிர்ப்பித்தார் என்பார்கள். ஆயுள் வரம்தான், ஆனால் அந்த வரத்தையும் யாரோ ஒருவர் சுமக்கவேண்டும்.

யார் சுமப்பது என்று யோசித்தால், எனக்குத் திருக்கடையூரைவிட மதுரைதான் நினைவுக்கு வருகிறது. வந்திக்கிழவியின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. என்றாலும் இன்றைய கண்ணோடு இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

வைகையில் வெள்ளம். கரை உடைகிறது. 'வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். அவரவர்க்கு அளந்துவிட்ட பங்கை அவரவர் அடைக்கவேண்டும்' என்று பாண்டியனின் ஆணை. வந்தி பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கிற மூதாட்டி. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. மண் சுமக்கத் தெம்பும் இல்லை. ஆனால் அவள் பெயருக்கும் ஒரு பங்கு அளந்தாயிற்று! திடகாத்திரமான நான்கு மகன்கள் இருக்கும் வீட்டுக்கு என்ன அளவோ, அதே அளவு அவளுக்கும். அரசு அதிகாரிகள் கோல் வைத்து அளந்தார்கள்; வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

அப்போதுதான், 'கூலிக்கு ஆள் வேண்டுமா?' என்று கேட்டபடி தலையில் கூடையும் தோளில் மண்வெட்டியுமாக வந்து நிற்கிறார் சொக்கநாதர். 'காசு இல்லையப்பா, பிட்டுதான் இருக்கிறது' என்கிறாள் கிழவி. 'உதிர்ந்த பிட்டைக் கொடு, போதும்' என்று பேசி முடிக்கிறார். அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துகொண்டே இருந்ததாம்!

இங்கேதான் கொஞ்சம் நிற்கவேண்டும். வந்திருப்பவர் உலகையே படைத்துக் காப்பவர். 'பாவம் கிழவி, சும்மா செய்துவிட்டுப் போவோம்' என்று அவர் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. கூலி பேசினார், கூலி வாங்கினார், உட்கார்ந்து சாப்பிட்டார். உடல் உழைப்புக்குக் கூலி உண்டு என்பதை ஆண்டவனே காட்டிக்கொடுத்த இடம் இது. தாயைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, இரவில் மூன்று முறை புரட்டிப் படுக்கவைக்கிற மகளிடமோ மருமகளிடமோ, 'அது கடமைதானே, அதற்கென்ன கணக்கு?' என்று கேட்பவர்கள், சொக்கநாதர் தின்ற பிட்டை நினைத்துக்கொள்ளட்டும்.

பங்கு அடைபடவில்லை என்று பிரம்பால் அடித்தான் பாண்டியன். அந்த அடி அரசன் முதுகில், அரசி முதுகில், அமைச்சர் முதுகில், ஊரார் முதுகில், கருவில் இருந்த குழந்தையின் மேலும் விழுந்தது. பொதுவாக, எல்லா உயிரிலும் ஈசன் இருக்கிறார் என்பதற்குத்தான் இந்தக் கட்டத்தைச் சொல்வார்கள். உண்மைதான். எனக்கோ இன்னொன்றும் தோன்றுகிறது. ஆதரவற்ற கிழவியின் பங்கை அவள் தலையிலேயே கட்டிவிட்டு, மற்றவர்கள் தங்கள் பங்கு முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விட்டார்கள் அல்லவா? அடி அவர்கள் வீடு தேடி வந்தது.

அப்படியானால் பிள்ளை இல்லாதவர்களுக்கு, பிள்ளைகளும் ஏழைகளாக இருப்பவர்களுக்கு யார் பொறுப்பு? நம் கோயில்களே இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத் அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உண்டு. அந்தக் கோயிலில் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை இயங்கிய விவரம் அதில் இருக்கிறது. வைத்தியருக்கும் அறுவை செய்பவருக்கும் மட்டுமல்ல. மருந்து கொடுத்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்களுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஊதியத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பணிவிடைக்குப் பொதுப்பணம் கொடுப்பது நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை என்று யாராவது சொன்னால், திருமுக்கூடலுக்கு வழிகாட்டுங்கள்.

இன்றைய நிலை என்ன? தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஓர் ஆயாம்மாவின் 2 நாள் சம்பளம் அது! மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு நின்றுவிடுகின்றன, வீட்டுக்கட்டிலுக்கு வருவதில்லை. உதிர்ந்த பிட்டு அளவுக்குக்கூட அரசின் பங்கு இல்லை என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

குடும்பத்தின் பங்கு பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. இதில் பிள்ளைகள் என்றால் மகன் மட்டுமல்ல. மகள், வயதுவந்த பேரன் பேத்தியும்தான். 'மகள் வீட்டில் கைநனைக்கமாட்டேன்' என்று வைராக்கியம் பேசும் பெரியவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கொள்ளி வைக்க மகன், கஞ்சி ஊற்ற மகள் என்றுதானே பல வீடுகளில் நடக்கிறது? பிள்ளை இல்லாதவருக்கு, அவருடைய சொத்து பின்னாளில் எந்த உறவினருக்குப் போகுமோ அவரே பொறுப்பு. கவனிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை கொடுக்க அது உத்தரவிட முடியும். எங்கே போவது, எப்படி எழுதுவது என்று தெரியாதவர்களுக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

ஆனால், பிள்ளை மேல் மனு எழுதித் தர எத்தனை அம்மாக்களுக்கு மனம் வரும்? 'அவன் நல்லா இருக்கட்டும்' என்று பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆகவே, தாத்தா பாட்டிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஓடியாடுகிற காலத்திலேயே வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் கூலி உங்கள் கைப்பிட்டிலிருந்தே போகட்டும். வந்தியும் அப்படித்தான் கொடுத்தாள். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதியிருந்தால், கைவிடப்படும்போது அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க இந்தச் சட்டம் வழி தருகிறது. பாசத்தின் மேல் சந்தேகம் என்று நினைக்கவேண்டாம். பிட்டு பேசித்தானே பெருமானும் மண் சுமந்தார்?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதுதான் நியாயம் என்று நினைக்காதீர்கள். பாண்டியனின் ஆட்கள் செய்ததும் அதைத்தானே! இருப்பவர் கூடக் கொடுக்கட்டும்; கடனில் இருப்பவர் குறைத்துக் கொடுக்கட்டும்; உடம்பால் உழைப்பவரிடம் பணம் கேட்காதீர்கள், அவருக்குத்தான் கொடுக்கவேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் வருடம் ஒரு மாதமாவது வந்து, அந்தக் கட்டிலின் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கட்டும். வீடியோவில் பார்க்கிற அம்மா வேறு, நள்ளிரவு 2 மணிக்குக் கூப்பிடுகிற அம்மா வேறு.

திருக்கடையூர் போக நாள் குறித்ததும் குருக்கள் ஒரு சாமான் பட்டியல் தருவார். மஞ்சள், தேங்காய், வஸ்திரம், கலசத்துக்கு நூல் என்று நீளும். அந்தத் தாளைத் திருப்புங்கள்; பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். விழாவுக்கு முன்பு ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து, அப்பா அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதாமாதம் யார் எவ்வளவு என்று அதில் எழுதிவிடுங்கள். ஆயாம்மாவின் சம்பளம், மருந்து, அக்கா விட்டுவிட்ட வேலைக்கான தொகை... ஆயாம்மாவுக்கு மாதத்தில் 2 நாள் லீவு. அந்த 2 நாளும் எந்தத் தம்பி வருவது என்பது உட்பட.