மாக்கோழியும் மேசைப் படையும்

உயிரற்ற ஓர் உருவத்தை வெட்டினால் கொலைவினை சேருமா? யசோதர காவியத்தைக் கேட்டு வளர்ந்த நம் இல்லங்களுக்கு இக்கேள்வி புதிதன்று. உயிர்ப்பலி இட மனம் ஒவ்வாத மன்னன் யசோதரன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியைத் தேவியின் முன் பலியிட்டான். ஆடோ கோழியோ எதுவும் அங்கே சாகவில்லை. ஆயினும் மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, பின்னும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். கத்தி விழுந்தது மாவின்மீதுதான். கையை இயக்கியதோ கொல்லும் எண்ணம்.

இந்தக் கதையைத் துணைகொண்டு, மேலைநாடுகளில் இன்று பலரும் ஈடுபட்டிருக்கும் ஒரு பொழுதுபோக்கை ஆராய விரும்புகிறேன். சிற்றுருவங்களால் ஒரு கற்பனைப் படையை அமைத்து, மேசையின்மீது போர் நடத்தும் விளையாட்டு அது. இவற்றுள் பெயர்பெற்றது ‘வார்ஹேமர்’. 1975இல் தொடங்கப்பெற்று, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் தலைமையகம் கொண்டுள்ள கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் இதனை 1983இல் வெளியிட்டது. அந்நாட்டில் பணிபுரியும் என் பேரன் இதில் தோய்ந்தவன். “பாட்டி, பொம்மையை வீழ்த்துவதில் என்ன பாவம்?” என்று அவன் கேட்டதே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒரு போர்வீரனின் உருவம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமே இருக்கும். கை, கால், தலை, ஈட்டி என அனைத்தும் தனித்தனியே பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, பிசிறு நீக்கி, பசையிட்டு இணைக்கவேண்டும். பின் அடிவண்ணம், அதன்மேல் மெல்லிய வண்ணப் பூச்சுகள், பள்ளங்களில் நிழல் தங்க நீர்த்த மை, மேடுகளில் ஒளி தெரிய ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் ஒரு தடவல். இறுதியில் காலடியில் மணலும் கல்லும் ஒட்டுவர். இவ்வாறு நூறு உருவங்கள் சேர மாதங்கள் கழியும். ஒவ்வொரு வீரனுக்கும் மதிப்பெண் உண்டு. இருவர் படைகளும் ஒரே மொத்த மதிப்பெண்ணில் எதிர்நிற்கும். போரின் முடிவைத் தீர்மானிப்பதில் பகடைக்கும் பங்குண்டு. வீழ்ந்த உருவத்தை அலுங்காமல் எடுத்து ஓரமாக வைப்பார்கள், வண்ணம் உதிர்ந்துவிடக்கூடாதல்லவா! போர்க்களத்தில் இத்தனை கனிவு வேறெங்கும் கண்டதில்லை.

கருத்தை மையமாக வைத்துப் படை அமைப்போர் ஒருபடி மேலே செல்கிறார்கள். வெல்வதற்கு எது வலியதோ அதை வாங்காமல், தாம் எண்ணிய கதைக்கு எது பொருந்துமோ அதை மட்டும் சேர்ப்பார்கள். என் பேரன் தேர்ந்தது ‘டோம்ப் கிங்ஸ்’ எனப்படும் கல்லறை மன்னர்களின் படை. பண்டை எகிப்தை நினைவூட்டும் நெஹெகாரா என்னும் கற்பனைப் பாலைநாட்டில், சாவை வெல்ல விரும்பிய அரசர்கள் தம் செல்வத்தையெல்லாம் கல்லறைகளில் கொட்டினர். அழியாத பொன்னுடல் கிட்டுமென நம்பினர். சாபத்தால் விழித்தெழுந்தபோது அவர்களுக்கு எஞ்சியிருந்தது வெறும் எலும்புக்கூடு. நிறுவனம் பழைய வார்ஹேமரை 2015இல் நிறுத்தி, அதனிடத்தில் வேறொரு விளையாட்டைக் கொணர்ந்தது. 2024இல் ‘தி ஓல்டு வேர்ல்டு’ என்னும் பெயரில் அவ்வுலகம் மீண்டபோது இம்மன்னர்களும் மீண்டனர். உடலின்மீது கொண்ட பற்று எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் முனிவர்கள்கூட இதைவிடக் கூர்மையான உவமை தேடியிருக்க மாட்டார்கள். எலும்பு நிறத்தையும் மணல் நிறத்தையும் மாதக்கணக்கில் தீட்டுபவனின் உள்ளம் நிலையாமையைச் சிறிதேனும் எண்ணாதிருக்குமா?

ஆயினும் படை படைதானே என்று கேட்கலாம். இங்குதான் யசோதரனிடம் திரும்பவேண்டும். அவனுடைய மாக்கோழி, உயிருள்ள கோழிக்குப் பதிலாக நின்றது. பலியின் பயனை அவன் வேண்டினான். விளையாட்டு வீரனோ எந்த உயிருக்கும் பதிலாள் அல்லன். எனினும் எல்லாப் போர் விளையாட்டுகளையும் இப்படி விடுவித்துவிட இயலாது. பிரஷ்ய நாட்டின் ரைஸ்விட்ஸ் என்னும் படைத்துறை இளைஞர் 1824இல், தம் தந்தையார் வகுத்ததைத் திருத்தி, நிலப்படத்தின்மீது சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகளை நகர்த்தும் ‘கிரீக்ஸ்பீல்’ விளையாட்டை வெளியிட்டார். அந்நாட்டுத் தளபதிகள் அதிகாரிகளின் பயிற்சிக்கு அதனை ஏற்றனர். அங்கே கட்டை வெறுங்கட்டையன்று. நாளை களத்தில் மடியப்போகும் மனிதர் கூட்டம். அதை மாக்கோழி என்றே சொல்வேன்.

எச். ஜி. வெல்ஸ் நேர்மாறாக எண்ணியவர். 1913இல் வெளிவந்த ‘லிட்டில் வார்ஸ்’ நூலில், தகர வீரர்களைப் பொம்மைப் பீரங்கியால் வீழ்த்தும் விளையாட்டுக்கு விதி வகுத்தார். மெய்ப்போரைவிட இது எவ்வளவோ மேல், ஆடிப் பார்ப்பவர்களுக்குப் போரின் மடமை விளங்கும் என வாதிட்டார். மறு ஆண்டே பெரும்போர் மூண்டது. அவரே அதனை, போருக்கு முடிவுகட்டும் போர் என ஆதரித்து எழுதினார். பொம்மையோடு ஆடுவது தானாகவே நெஞ்சை இளக்கிவிடும் என்று நம்புவதற்கில்லை.

ஆகவே மேசைமேல் நிகழும் இரண்டு மணி நேரப் போரைவிட, அதற்கு முந்திய மாதங்களில் உள்ளம் எதன்மீது தங்குகிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பயனின்றி வினை தேடிக்கொள்ளும் அனர்த்த தண்டங்களுள், பிறர் சாகவும் சிறைப்படவும் வேண்டுமென வெறுப்போடு நினைத்துக்கொண்டிருக்கும் தீச்சிந்தனையும் ஒன்று. அதற்குக் கத்தியும் வேண்டா, மாவும் வேண்டா.

இவ்விளையாட்டுலகில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று உண்டு. ‘ஓர்க்’ எனப்படும் பச்சைநிறக் கூட்டம், சண்டையன்றி வேறொன்றும் அறியாததாகவே படைக்கப்பட்டுள்ளது. இன்னும் சில கூட்டங்கள் பிறவியிலேயே தீயவை, இரங்கத் தேவையில்லாதவை. கதைக்கு இது வசதி. ஆனால் நரகரும் நற்காட்சி பெறக்கூடும் என்பது நம் கொள்கை. முதல் நரகத்தில் இருக்கும் சிரேணிக மன்னனை வருங்காலத்தின் முதல் தீர்த்தங்கரர் என்று போற்றுகிறோம். இரக்கத்துக்கு அப்பாற்பட்ட ஓர் இனம் உண்டென்று பத்து வயதில் விளையாட்டாகப் பழகும் பிள்ளை, முப்பது வயதில் அண்டை வீட்டானை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கமாட்டான் என்பது என்ன நிச்சயம்? பிள்ளைகளுக்கு இத்தகைய படை வாங்கித் தரும் பெற்றோர், அப்பச்சைக் கூட்டத்துக்கும் ஒரு தாய், ஓர் ஊர், ஓர் அச்சம் இருக்கும்படி கதை கட்டச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் சளைக்கமாட்டார்கள்.

பேரனிடம் இவ்வளவும் தொலைபேசியில் சொன்னேன். கொல்லாமை பற்றிக் கவலையில்லை என்றதும் மகிழ்ந்தான். பிறகு, பிரிக்காமலேயே அடுக்கிவைத்திருக்கும் பெட்டிகள் எத்தனை என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, முப்பத்தொன்று என்றான். அப்படிச் சேர்ந்து கிடக்கும் குவியலுக்கு இவ்விளையாட்டினர் வெட்கக் குவியல் என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். ஐந்தாம் அணுவிரதத்தை, பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் அந்த விரதத்தை, நினைவூட்டினேன். புதிய பெட்டி வாங்குமுன் பழையவற்றுள் எத்தனை தீட்டி முடிப்பாய் என்று ஓர் எண் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.