தவளைக் கால்

ஆங்கிலத்தில் 'கால்வனைஸ்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. எங்கள் தாராபுரத்துக்குள் அது இரண்டு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. முதல் வாசல் இரும்புக் கடை. தண்ணீர்க் குழாய், வாளி, கொட்டகைக்குப் போடும் தகடு, வேலிக் கம்பி எல்லாம் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு ஏற்றிக்கொண்டு வருகின்றன. "கால்வனைஸ் வாளிங்க, பத்து வருசத்துக்குப் பயமில்லீங்க" என்று கடைக்காரர் சொல்லி எடுத்துக் கொடுப்பார். இரண்டாவது வாசல் மேடை. ஆங்கிலம் படித்த அன்பர்கள், சங்கம் நடத்துகிறவர்கள், கட்சிக் காரியம் பார்க்கிறவர்கள், "முதலில் ஜனங்களைக் கால்வனைஸ் பண்ண வேண்டும்" என்கிறார்கள். சும்மா கிடக்கிற கூட்டத்தை உலுக்கி எழுப்பிக் காரியத்தில் இறக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

ஒரு கூட்டத்தில் இந்தப் பிரயோகத்தைக் கேட்டபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மெல்லக் கேட்டார்: "ஏனுங்க, நமக்கெல்லாம் துருப் புடிச்சிருச்சுங்களா?"

அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. கடையில் தெரிந்த அர்த்தத்தை வைத்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. பிறரைச் செயலுக்குத் தூண்டுவதைக் குறிக்க ஒருவர் எந்தச் சொல்லை எடுக்கிறார் என்பதைப் பார்த்தால், அந்தப் பிறரைப் பற்றி அவர் மனத்தில் என்ன நினைக்கிறார் என்பது தெரிந்துவிடும். ஆகவே இந்தச் சொல்லின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இத்தாலியில் பொலோனா என்ற நகரத்தில் லூயிஜி கால்வானி என்று ஓர் உடற்கூற்றுப் பேராசிரியர் இருந்தார். செத்த தவளையின் காலைப் பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பியில் தொங்கவிட்டபோது அது வெட்டி வெட்டி இழுத்ததை அவர் கண்டார். இறந்துபோன காலில் எப்படி அசைவு வந்தது? பிராணியின் உடம்புக்குள்ளேயே ஒரு மின்சாரம் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டி 1791-ல் நூலாக வெளியிட்டார். வோல்ட்டா என்ற இன்னொரு அறிஞர், மின்சாரம் இரண்டு உலோகங்கள் கூடுவதால் பிறப்பது என்று மறுத்தார். அந்த வாதத்திலிருந்து 1800-ல் வோல்ட்டாவின் மின்கலம் பிறந்தது.

கதை அங்கே நிற்கவில்லை. கால்வானியின் சகோதரி மகன் ஆல்டினி என்பவர் அந்த மின்கலத்தை எடுத்துக்கொண்டு 1803-ல் லண்டன் போனார். கொலைக் குற்றத்துக்காக நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்பவனின் உடலில் மின்சாரத்தைச் செலுத்திக் காட்டினார். தாடை நடுங்கிற்று. ஒரு கண் திறந்தது. கை எழும்பி முஷ்டி பிடித்தது. கூடியிருந்தவர்களில் சிலர், பிணம் உயிர் பெற்றுவிடும் என்றே எண்ணிவிட்டார்கள். உயிர் வரவில்லை. கம்பியை எடுத்ததும் கை விழுந்துவிட்டது.

ஜனங்களைக் கால்வனைஸ் பண்ணுகிறேன் என்பவர் இந்தக் காட்சியைத்தான், அறிந்தோ அறியாமலோ, நம் முன் வைக்கிறார். அவர் கையில் மின்கலம். மேசையில் கிடப்பது ஜனங்கள். முஷ்டி உயர்கிறது, ஆனால் அந்த முஷ்டிக்குச் சொந்தமான கோபம் எதுவும் இல்லை. கம்பி இருக்கிற வரைக்கும்தான் ஆவேசம்.

விசித்திரம் என்னவென்றால், அந்தச் சொல்லுக்குத் தன் பெயரைக் கொடுத்த கால்வானி எவராலும் அப்படி ஆட்டிவைக்க முடியாத மனிதர். நெப்போலியன் படையெடுத்து வந்து அந்தப் பிரதேசத்தில் ஒரு புதுக் குடியரசை நிறுவியபோது, பேராசிரியர்கள் எல்லோரும் அதற்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று அவர் மறுத்துவிட்டார். பதவி போயிற்று. அந்த 1798-ம் ஆண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார். தவளைக் காலை ஆட்டியவரை ஓர் அரசாங்கத்தால் ஆட்ட முடியவில்லை.

இனி நம் சொற்களைப் பார்க்கலாம். தமிழில் 'தூண்டு' என்கிறோம். திரி கருகி வெளிச்சம் மங்கும்போது பாட்டிமார்கள் ஒரு சிறு குச்சியால் திரியை முன்னே தள்ளிவிடுவார்கள். அதுதான் தூண்டுதல். எண்ணெய் விளக்கினுடையது, சுடரும் விளக்கினுடையது. குச்சி செய்வது இடம் மாற்றி வைப்பது மட்டும்தான். அதைச் செய்வதற்குள் அதன் நுனியும் கொஞ்சம் கருகிப்போகும். அணைந்துபோன விளக்கை யாரும் தூண்டுவதில்லை. உள்ளே நெருப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

அதற்காக நம் சொற்கள் எல்லாம் சாதுக்கள் என்று நான் வாதாடப் போவதில்லை. 'தூண்டு'க்குப் பக்கத்திலேயே 'தூண்டில்' இருக்கிறது. மீனுக்குப் புழுவைக் காட்டுகிறவனும் ஒரு விதத்தில் தூண்டுகிறவனே. நாயை உசுப்பிவிடுகிறோம். மாட்டைத் தார்க்குச்சியால் முடுக்குகிறோம். அம்பை ஏவுகிறோம், பில்லி சூனியக்காரன் செய்வதற்கும் ஏவல் என்றே பெயர். விளக்கு, மீன், நாய், மாடு, அம்பு என்று நம் முன்னோர்கள் வகைக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒருவன் எந்தச் சொல்லைச் சொன்னாலும், எதிரே இருப்பவனை எதுவாக நினைத்தான் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பிணத்தை ஆட்டுவதற்கு மட்டும் தமிழில் தனியாக ஒரு வினைச்சொல் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

இதெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிட்டால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் இது ரத்தம் சிந்திய விஷயம்.

கொங்கு நாட்டு விவசாயம் கிணற்றை நம்பியது. கவலை ஓட்டி இறைத்துக்கொண்டிருந்த கிணறுகளுக்கு 1930-களில் பைக்காரா மின்சாரம் வரத் தொடங்கியது. மாடு செய்த வேலையை மோட்டார் செய்தது. நாளாக ஆக, மின்கட்டணம் என்பது விவசாயியின் மூச்சோடு சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது. 1970-ல் அந்தக் கட்டணத்தை உயர்த்தியபோது விவசாயிகள் கிளர்ந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 19-ந் தேதி, திருப்பூரைத் தாண்டி வடக்கே இருக்கும் பெருமாநல்லூரில் போலீஸார் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். மறுபடி 1972-ல் கோயமுத்தூர் நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி வீதிகளை அடைத்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 5-ந் தேதி தமிழ்நாட்டில் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து விவசாயிகள் பலர் மாண்டார்கள். இன்றும் அந்தத் தேதியை உழவர் தினமாக அனுசரிக்கிறார்கள். அந்த இயக்கத்துக்குத் தலைமை வகித்தவர், கோயமுத்தூருக்கு அருகே வையம்பாளையத்தைச் சேர்ந்த நாராயணசாமி நாயுடு. அவரும் விவசாயிதான்.

கிளர்ச்சி நடந்த இடங்களில் எல்லாம், எந்த அரசாங்கமானாலும், முதலில் விசாரிப்பது ஒன்றுதான்: "இவர்களைத் தூண்டிவிட்டது யார்?" அந்தக் கேள்வியில் ஒரு துணிபு ஒளிந்திருக்கிறது. இந்த ஜனங்களுக்குத் தாமாகக் கோபம் வராது. யாரோ கம்பியை வைத்திருக்க வேண்டும். மேடையில் 'நான்தான் இவர்களைக் கால்வனைஸ் பண்ணினேன்' என்று மார்தட்டுகிற தலைவரும் அதையேதான் சொல்கிறார். ஒருவர் குற்றமாகச் சொல்வதை இன்னொருவர் பெருமையாகச் சொல்கிறார், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஜனங்கள் தவளைக் கால்தான்.

பெருமாநல்லூரில் இறந்த அந்த மூவரையும் அப்படி நினைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கத் தெரிந்தவனுக்கு, யூனிட்டுக்கு ஏறிய பைசா பருத்திக்கு என்ன செய்யும், கடனுக்கு என்ன செய்யும் என்பதை மேடை ஏறி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தலைவர் செய்தது, தனித்தனித் திண்ணைகளில் கனன்றதை ஓரிடத்தில் சேர்த்தது. சேர்ந்தபின் நடந்த செயல் அவர்களுடைய செயல். அதை அவர்களிடமிருந்து பறித்துத் தலைவர் பெயரில் எழுதுவது, இறந்தவர்களிடமிருந்து அவர்கள் மரணத்தையும் பறிப்பதாகும்.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடலாம். "அப்படியானால் தூண்டியவனுக்குப் பொறுப்பே இல்லையா? செயல் அவர்களுடையது என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: செயல் செய்தவனுடையது, கடன் தூண்டியவனுடையது. ஒரு மனிதன் தன் புத்தியோடுதான் வந்தான் என்று மதிப்பது வேறு. என் வார்த்தையைக் கேட்டு வந்தான் என்பதை மறக்காமலிருப்பது வேறு. இரண்டையும் ஒருசேர நினைப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

சட்டத்துக்கு இந்தக் கடனை அளக்க ஒரே கோல்தான் தெரியும். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. தொழிலாளர்கள் வெற்றியும் பெற்றார்கள். மார்ச் 12-ல் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது; துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார்: ராஜத் துரோகமாகப் பேசியதற்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 ஆண்டு. பேசிய சிவாவுக்கோ பத்து ஆண்டு. பேசியவனைவிடத் துணை நின்றவனுக்கு இரட்டிப்பு! மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் 1912 டிசம்பர் வரை அவர் சிறையில் இருந்தார். அதில் ஒரு பகுதி எங்கள் கோயமுத்தூரில். மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள்.

அந்தத் தண்டனை அநியாயம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு வெளியே வந்தவர்கள், பிற்காலத்தில் எதை இழந்ததற்காக வருந்தினாலும், "நம்மை அனுப்பிவிட்டு அவர் நிழலில் இருந்தார்" என்று மட்டும் சொல்ல முடியாது. நீதிபதி விதித்தது தண்டனை. அவர் செக்கடியில் கழித்தது கடன் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊருக்கு விராடபுரம் என்று ஒரு பழம்பெயர் உண்டென்றும், பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த ஊர் இதுவே என்றும் இங்கே சொல்லிக்கொள்வார்கள். வடநாட்டிலும் இதே உரிமை கொண்டாடும் ஊர் இருக்கிறது. அந்த வழக்கைத் தீர்ப்பது என் வேலையல்ல. ஆனால் விராட பருவத்தில் வருகிற உத்தரகுமாரன் இந்த விஷயத்துக்கு மிகவும் வேண்டியவன். அந்தப்புரத்தில் பெண்களுக்கு முன்னால் வீரம் பேசினான். கௌரவர் சேனையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடினான். பேடி வேஷத்தில் தேரோட்டி வந்த அருச்சுனன் துரத்திப் பிடித்து இழுத்து வந்தான்.

அந்த இடத்தில் அருச்சுனன் என்ன செய்திருக்கலாம்? வசைமொழி சொல்லி ரோஷத்தைக் கிளப்பி அந்தப் பிள்ளையைச் சாவுக்கு அனுப்பியிருக்கலாம். கம்பியை வைத்தால் முஷ்டி உயர்ந்திருக்கும். அவன் அப்படிச் செய்யவில்லை. "நீ கடிவாளத்தைப் பிடி, நான் சண்டை போடுகிறேன்" என்றான். பயந்தவனால் எது முடியுமோ அந்த வேலையை அவனுக்குக் கொடுத்தான். வன்னி மரத்திலிருந்து வில்லை இறக்கித் தன் மார்பை முன்னே வைத்தான். வென்ற பிறகு, வெற்றி உன்னுடையது என்று சொல்லிக்கொள் என்றான். உத்தரனும் அதற்குள் மனிதனாகியிருந்தான். அந்தப் புகழை எடுத்துக்கொள்ள அவனுக்கு வாய் வரவில்லை. ஒரு கோழை ஒரே பகலில் உண்மை பேசக் கற்றுக்கொண்டான் என்றால், அதைவிடப் பெரிய தூண்டுதல் எது?

எழுதுகிறவனுக்கும் இதில் பங்கு உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாத்திரத்தைப் போராட அனுப்புவது சுலபம். அதைப் படித்து ஒரு பையன் நிஜமாகவே வீதிக்குப் போனால், அங்கே விழுகிற அடி காகிதத்தில் விழுவதில்லை. கல்லூரி விழாக்களில், "பிள்ளைகளுக்கு உணர்ச்சி வரும்படி நாலு வார்த்தை பேசுங்கள்" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டாகிறது. உணர்ச்சி அவர்களிடம் போதுமான அளவு இருக்கிறது. அதை எந்தக் காரியத்துக்கு, என்ன விலைக்குக் கேட்கிறோம் என்பதைச் சொல்லத்தான் பெரியவர்கள் கூசுகிறார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அந்த ஆங்கிலச் சொல்லை ஊரைவிட்டே ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு இரும்புக் கடையில் ஒரு நல்ல அர்த்தம் இருக்கிறது. 1837-ல் பிரான்சில் சோரல் என்பவர் உரிமை பெற்ற முறை அது: உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பது. துத்தநாகம் வெறும் போர்வை மாதிரி மூடிக்கொண்டு மட்டும் நிற்பதில்லை. பூச்சில் எங்காவது கீறல் விழுந்து உள்ளே இரும்பு வெளிப்பட்டாலும், காற்றும் ஈரமும் முதலில் துத்தநாகத்தைத்தான் அரிக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் கரைத்துக்கொடுக்கிற வரையில் இரும்புக்குச் சேதம் இல்லை. வாளியின் மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது அப்படிக் கரைந்ததின் அடையாளம்.

ஜனங்களைக் கால்வனைஸ் பண்ணப் புறப்படுகிற அன்பர்கள் இந்த அர்த்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. முதல் அரிப்பு தம்மேல் விழச் சம்மதித்துவிட்டு அவர்கள் வரட்டும். நாராயணசாமி நாயுடு 1984-ல் காலமானார். விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் எல்லோருக்கும் என்று ஆனது 1990-ல். இரவில் மோட்டார் ஓடுகிற சப்தம் கேட்கும் தோட்டங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. அந்தத் தண்ணீர் பாய்கிற வயல்களில் இறங்கி நடக்கும்போது, யார் யாரைத் தூண்டினார்கள் என்ற கேள்வியைவிட, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது.