காலந்தாழ்த்திச் செலுத்த முடியாத கடன்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இருவகைப் பொருள் வழங்குகின்றது. பெற்றதைத் திருப்பித் தருவது கடன். ஒருவன் செய்தே ஆகவேண்டிய கடமையும் கடனே. பணக்கடனைக் காலந்தாழ்த்தியேனும் வட்டியோடு செலுத்தி மீளலாம். குழந்தையின் உணவு தொடர்பாகச் சமுதாயம் பட்டுள்ள கடன் அத்தகையதன்று. அதற்கு ஒரு தவணை உண்டு. தவணை கடந்தபின் எவ்வளவு கொடுத்தாலும் அது முழுமையாகத் தீர்வதில்லை. இவ்வுண்மை நமது நீதிச் சிந்தனையில் உரிய இடத்தைப் பெற்றுள்ளதா என்பதை, மாத்தளை மாவட்டத்துத் தோட்டப்புறக் குழந்தைகளை மனத்திற்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தவணை என்று இங்கு கூறப்படுவது உவமையன்று. தாய் கருவுற்ற நாள் தொட்டுக் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரையுள்ள ஏறத்தாழ ஆயிரம் நாள்களில் மூளையும் உடலும் வளரும் வேகம் வாழ்க்கையின் வேறெந்தக் கட்டத்திலும் வாய்ப்பதில்லை. அக்காலத்திற் புரதமும் இரும்புச் சத்தும் அயோடீனும் போதாதவிடத்து உயரம் குன்றுவதோடு, கவனமும் கற்கும் ஆற்றலும் நோயை எதிர்க்கும் வலிமையும் குறைகின்றன. குவாத்தமாலா நாட்டின் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. இரு கிராமங்களிற் சத்துமிக்க கஞ்சியும் ஏனைய இரண்டிற் புரதமற்ற இனிப்புப் பானமும் வழங்கப்பட்டன. பல ஆண்டுகளின் பின் அக்குழந்தைகளைத் தேடிச்சென்று ஆராய்ந்தபொழுது, மூன்று வயதுக்கு முன்னர் கஞ்சி பெற்ற ஆண்கள் மற்றவர்களைவிட மணிக்கணக்கிற் கூடிய கூலி பெறுவது தெரியவந்தது. மூன்று வயதின் பின்னர் அதே கஞ்சியைப் பெற்றவர்களிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. கஞ்சி ஒன்றே, காலமே வேறு.

இனி மாத்தளைக்கு வருவோம். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய கூலிகள் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாக வந்த வடபாதை, தம்புள்ளையூடாக மாத்தளையையே அடைந்தது. பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். மலையகத் தமிழரின் வரலாற்றிற் பசி அவர்களுடனேயே நடந்து வந்தது எனலாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 சதவீதம். மூவரில் ஒருவர் என்று கொண்டால் பிழையில்லை. இறத்தோட்டையிலும் எல்கடுவையிலும் உள்ள லயங்களை இந்த எண்ணின் நிழலிலேயே நாம் நோக்க வேண்டியுள்ளது.

இங்கு சிந்தனைக்குரிய முரண் ஒன்றுண்டு. இலங்கையின் பெரிய மரக்கறிச் சந்தைகளுள் ஒன்றாகிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் இதே மாவட்டத்திலேதான் இருக்கின்றது. கரட்டும் போஞ்சியும் கீரையும் லொறி லொறியாக அங்கிருந்து நாடெங்கும் செல்கின்றன. தோட்டத்துப் பிள்ளையின் தட்டிலோ கோதுமைமா ரொட்டியும் சம்பலும். உணவு இல்லாமையாலன்று, உணவைப் பெறும் உரித்து இல்லாமையாலேயே மக்கள் பட்டினி கிடக்கின்றனர் என 1981இல் வெளிவந்த தமது நூலில் அமர்த்தியா சென் நிறுவினார். அவர் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து கூறியதை மாத்தளையில் ஒரு பஸ் பயணத்தில் அறிந்துகொள்ளலாம்.

ரொட்டியோடு வரும் சாயத் தேத்தண்ணியையும் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. உணவோடு அருந்தும் தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றது. தாய் பறிக்கும் கொழுந்தே பிள்ளையின் குருதியை வெளிறச் செய்யும் நிலை இது. பால்மா வாங்க வழியில்லாத வீட்டில் வேறு எதைக் கொடுப்பது என்று கேட்டால் நம்மிடம் விடையில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தபொழுது, தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. கிராமத்து ஏழைக்குப் பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும் ஓரளவேனும் கைகொடுத்தன. லயத்து ஏழைக்கு வாசலுக்கு அப்பால் இருந்த மண்ணெல்லாம் தோட்டத்தின் மண். அதில் உண்ணத்தக்க எதுவும் விளையவில்லை. அன்று லயங்களிற் கைக்குழந்தைகளாக இருந்தோர் இன்று ஐம்பது வயதைக் கடந்துவிட்டனர். அவர்களுக்குரிய தவணை எப்போதோ முடிந்துவிட்டது.

“அவர்கள் பரம்பரையாகவே குட்டையானவர்கள்” என்று கூறுவோர் உளர். படித்தவர்களும் கூறக் கேட்டிருக்கின்றோம். இக்கூற்று விஞ்ஞானப்படி நிற்காது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நடத்திய ஆய்வு, தாய்ப்பாலும் தக்க உணவும் சுகாதாரமும் கிடைத்தவிடத்துச் சிறு குழந்தைகள் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே வளர்கின்றனர் எனக் காட்டியது. ஆனால் இக்கூற்று வெறும் விஞ்ஞானப் பிழை மாத்திரமன்று, ஒழுக்கப் பிழையுமாகும். பொருளைக் களவு கொடுத்தவன் தான் இழந்தது இன்னதென்று சொல்லுவான். வளர்ச்சி குன்றிய குழந்தையோ தான் அடைந்திருக்கக்கூடிய உயரத்தையும் அறிவையும் ஒருபோதும் அறியாது. ஆகவே முறையிடவும் அறியாது. வகுப்பில் அது பின்தங்கும்பொழுது, அநீதியின் விளைவையே அதன் இயல்பு என நாம் பெயரிடுகின்றோம். தனது தடயத்தைத் தானே அழித்துவிடும் இத்தகைய அநீதி வேறு அதிகமில்லை.

தாயின் அறியாமையே காரணம் என்பது அடுத்த வாதம். 1973இல் தொடங்கப்பட்ட திரிபோஷா திட்டத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். சோளமும் சோயாவும் கலந்த அம்மா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் மாதந்தோறும் 750 கிராம் கொண்ட இரு பைக்கற்றுகளாக வழங்கப்படுவது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்பது கணக்கு. அதனை வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய் உருட்டிக் கொடுத்துவிடுகிறாள் என்பது அடிக்கடி கேட்கும் குறை. மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒன்றுக்கு 17 கிராம்கூட வராது; எந்தப் பிள்ளைக்கும் போதாது. கணக்கின்படி அவள் செய்தது தவறுதான். ஆனால் பசித்த மூன்று முகங்களின் நடுவே ஒன்றுக்கு மட்டும் ஊட்டிவிட்டு மற்ற இரண்டையும் பார்த்திருக்கும் தாயை நாம் நல்லவள் என்போமா? நீதி, பயன்பாடு என்றெல்லாம் விரிவுரை மண்டபத்தில் நாம் வாதிடும் வினாவை அவள் அடுப்படியில் நாள்தோறும் தீர்க்க வேண்டியிருக்கின்றது. அவ்வினாவை அவள்மீது சுமத்தியவர்கள் யார் என்பதே கேட்கப்பட வேண்டியது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது அந்தப் பைக்கற்றுகளின் விநியோகமும் தடைப்பட்டது. தந்தையின் கூலியிற் சாராயத்துக்குச் செல்லும் பங்கை நாம் மறுக்கவில்லை. எனினும் அதனைக் காட்டிப் பிள்ளையின் உரிமையை மறுப்பது, ஒருவன் பிழைக்கு வேறொருவனைத் தண்டிப்பதாகும்.

பசி தீர்த்தலைத் தலையாய அறமாகப் போற்றியது நமது இலக்கிய மரபு. மணிமேகலையின் அமுதசுரபி அதன் உச்சம். ஆயினும் அமுதசுரபி கொடுப்பவரின் கருணையில் தங்கியிருப்பது. கொடுக்க மனமில்லாத நாளிற் கருணையைக் கேட்டுப்பெற முடியாது. குழந்தையின் உணவு தானமன்று, உரிமை என்பதே நாம் அடுத்து எடுத்துவைக்கவேண்டிய அடி. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991இல் இலங்கை ஏற்றதன்மூலம் ஏட்டளவில் அவ்வடி எடுத்துவைக்கப்பட்டும் விட்டது.

ஏட்டுக்கும் மலைக்கும் இடையிலுள்ள தூரமே எஞ்சியுள்ளது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டத் தாய்க்கு வேலைநேரத்தில் இரு இடைவேளைகளை விதித்தது. பிள்ளைக்காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வோர் இடைவேளையும் அரைமணி நேரம். இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். மேல்மலையிற் கொழுந்தெடுக்கும் தாய் இறங்கி வந்து பாலூட்டி மீண்டும் ஏறுவதற்கு அரைமணி போதுமா? அன்றைய நிறை குறைந்தால் அவளுக்கு விழுவது அரைப்பெயர். குழந்தை பாலுண்ணும் ஒவ்வொரு நிமிடமும் தாயின் கூடையிலிருந்து கொழுந்தாகக் கழிக்கப்படும்வரை, அந்தச் சட்டம் கொடுத்த இடைவேளைக்கு விலை செலுத்துபவள் அவளேதான்.