மழைக்கு ஒதுங்கியவர்கள்

எங்காவது ஹெலிகாப்டர் விழுந்தது என்று டிவியில் ஓடினால், எதிர்வீட்டுத் தமிழாசிரியர் தெருவைத் தாண்டி வந்துவிடுவார். “விதி சார், வேற என்ன?” வானிலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என்னிடம் இதைச் சொல்வதில் அவருக்கு ஒரு தனி இன்பம். மேகம் எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று விமானிகளுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். வாங்கிப் படித்தவர்கள் எல்லோரும் கேட்டு நடந்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

திருக்கோவிலூர்க்காரர் இந்த விஷயத்தில் விதியைப் பேசலாமா என்பதே என் சந்தேகம். பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் இங்கே சந்தித்தது ஒரு பேய்மழை இரவில். மிருகண்டு முனிவர் ஆசிரமத்து இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். நின்றார்கள். நாலாவதாக யாரோ நெருக்க, அது பெருமாள் என்று தெரிந்து பாடினார்கள். உபந்நியாசங்களில் அந்த நெருக்கத்தில்தான் உருகுவார்கள். எனக்கோ அதற்கு முந்தின காரியம் பெரிது. மூவரும் பெருமாளைச் சேவிக்க வந்தவர்கள். அதைவிட அவசரமான பயணம் ஏது? ஆனாலும் மழை வலுத்ததும் ஒதுங்கினார்கள். பெருமாளும் மழையை நிறுத்தவில்லை. தாமும் வந்து ஒதுங்கினார்.

வானில் போனவர்களைப் பாருங்கள். 2001 செப்டம்பர் 30 அன்று முன்னாள் மத்திய அமைச்சர் மாதவராவ் சிந்தியா கான்பூர் கூட்டத்துக்குப் போன சிறு விமானம், மோசமான வானிலையில் மைன்புரி பக்கம் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அடுத்த மார்ச்சில் மக்களவைத் தலைவர் பாலயோகியின் ஹெலிகாப்டர், கைகலூர் அருகே அவசரமாக இறங்கப் பார்த்து மீன் குளத்தில் விழுந்தது. அதில் மூன்று பேர். 2009 செப்டம்பர் 2இல் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர், நல்லமலைக் காட்டில். கியர்பாக்ஸ் ஆயில் எச்சரிக்கையைப் பார்ப்பதிலேயே சில நிமிடங்கள் போயின, பிறகு கீழ்நோக்கி அடித்த கடுங்காற்றில் சிக்கியது என்றது அறிக்கை. சிந்தியாவுக்கும் ரெட்டிக்கும் இறங்குமிடத்தில் ஜனம் காத்திருந்தது. விமானியை யாராவது விரட்டினார்கள் என்று சொல்லவில்லை. போட்டு வைத்த மேடையே போதும்.

மேகத்துக்குள் போனால் உடம்பு பொய் சொல்லும். விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், உட்காதின் அரைவட்டக் குழல்களில் உள்ள நீர் கொஞ்ச நேரத்தில் அந்தச் சுற்றுக்குப் பழகிவிடும். நேராகப் போகிறோம் என்றே தோன்றும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்ட வைத்தார்கள். ஒருவர் விடாமல் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில்.

“இருபதுக்கு இருபதும் விதியா ஐயா?” என்றேன்.

“தப்பாம நடக்குதுன்னா நான் சொல்றதுதானே சார்?”

மடக்கிவிட்டதாக அவருக்கு நினைப்பு. தப்பாமல் நடப்பதெல்லாம் உள்ளே போன பிறகு. அதுவரை திரும்ப வழி இருக்கிறது. அப்படியே சிக்கினாலும், உன் உடம்பு சொல்வதை விட்டுவிட்டு எதிரே இருக்கும் கருவியின் முள்ளை நம்பு என்றுதான் விமானிக்குச் சொல்லித் தருகிறார்கள். சரணாகதி பேசுகிற ஊருக்கு இது புரிய வேண்டும்.

குன்னூரில்தான் என் வாதம் இடறுகிறது. 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தோடு சேர்த்து 14 பேர் இறந்தார்கள். அது தனியார் வண்டி அல்ல, விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்கு நிலை தடுமாறிப்போனது. இயந்திரக் கோளாறு, சதி, அலட்சியம் எதுவும் இல்லை என்று 2022 ஜனவரியில் விமானப்படை சொன்னது. 2024இல் வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கையில் அதே விபத்துக்கு நேரே ‘மனிதப் பிழை’ என்றிருந்தது. இரண்டையும் ஆசிரியரிடம் படித்துக் காட்டினேன்.

“அலட்சியம் இல்லாம பிழை வந்துச்சுன்னா, அது யாரோடது சார்?”

விமானியுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருமாளுடையது என்று சொல்லவும் வரவில்லை.