அரிதட்டும் அறமும்

பொருள்களை வகைப்படுத்தி வைப்போன் அவற்றைத் தேடி வருவோனுக்குக் கடமைப்பட்டவனா? ஆம் எனின், அக்கடமையின் எல்லை யாது? வணிகம் பற்றியதாகத் தோன்றும் இவ்வினா உண்மையில் அறவியல் சார்ந்தது. இதனை ஆராய்வதற்கு மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பு ஏற்றதொரு சான்றாக அமைகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. கடலினின்றும் எடுக்கப்பட்ட சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டன. வாங்கியோன் உள்ளிருப்பதை அறியான். நம்பிக்கை ஒன்றே அவன் முதல். ஆயின், முத்துக்கள் வெளிப்பட்ட பின்னர் முறை மாறியது. வணிகர் அவற்றைப் பத்துப் பித்தளை அரிதட்டுகளில் இட்டு அரித்தனர். முதல் தட்டில் 20 துளைகள். அடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 எனப் பெருகி, இறுதித் தட்டில் 1000 துளைகள். துளைகள் பெருகப் பெருக அவற்றின் அளவு சிறுத்தது. பருமன் இவ்வாறு தெளிந்தபின் உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி முதல் தூள் ஈறாக வகுத்தனர், பின்னர் நிறுத்தனர். விலை இவையனைத்துக்கும் இறுதியிலேயே வந்தது.

இன்று இணையத்தின்வழிப் போசணைக் குறைநிரப்பிகளை விற்கும் கடையை எண்ணிப் பார்ப்போம். முத்தின் பெரும்பகுதி கல்சியங் காபனேற்று; அக்கடையில் விற்கப்படும் கல்சிய மாத்திரைகள் பலவற்றின் மூலப்பொருளும் அதுவே. பொருள் ஒன்றாயினும் அரிக்கும் முறை ஒன்றன்று. இக்கடைகள் பலவற்றில் ‘மிகுதியாக விற்பனையாவது’ என்பதே முதல் வரிசையைத் தீர்மானிக்கின்றது. வாங்குவோன் மீண்டும் திறவாச் சிப்பியின் முன் நிற்கின்றான்.

அரிதட்டின் முதல் அறம் ஒரே அளவு. அதன் துளை எவனுடைய முத்து என வினவுவதில்லை. குறைநிரப்பிக் கடையிலோ ஒரு போத்தலில் விற்றமின் டி 1000 சர்வதேச அலகு என்றும், இன்னொன்றில் 25 மைக்கிரோகிராம் என்றும் காணப்படும். இரண்டும் சமம். இதனை அறியாத வடிகட்டி ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கும். இவ்வாறே, 1250 மில்லிகிராம் கல்சியங் காபனேற்றில் உள்ள கல்சியம் 500 மில்லிகிராமே. முதல் எண்ணைப் பெரிதாகக் காட்டி வரிசைப்படுத்துவது பொய்யன்று எனினும், பொய்யின் பயனைத் தருவது.

இரண்டாவது, தேடுவோனின் மொழியை அறிதல். நாம் விற்றமின் என்கின்றோம். தமிழகத்தார் வைட்டமின் என்பர். உயிர்ச்சத்து என எழுதுவோரும் உளர். எழுத்து வேறுபட்டமையால் ‘பொருள் இல்லை’ என விடையிறுக்கும் கருவி, மக்களை அவர்தம் சொல்லுக்காகத் தண்டிக்கின்றது.

மூன்றாவது, வேண்டாததை விலக்கும் உரிமை. மாத்திரைக் கூடுகள் பல, மாட்டினதோ பன்றியினதோ தோலிலும் எலும்பிலும் இருந்து பெறப்படும் ஜெலற்றினால் ஆனவை. கத்தோலிக்கரும் இசுலாமியரும் இந்துக்களும் அருகருகே வாழும் மன்னாரில் இதன் பொருள் விளக்கம் வேண்டாதது. குருதி உறைதலைத் தடுக்க வார்பரின் உட்கொள்வோர்க்கு விற்றமின் கே திடீரென மிகுமாயின் மருந்தின் ஆற்றல் குன்றும். அவர்க்கு விலக்கும் வசதி என்பது உயிர்க்காப்பு.

நான்காவது, அறியாததை அறியாதது எனக் கூறல். கூடு எதனாலானது என விற்பனையாளர் குறிப்பிடாவிடின் அப்பொருளை ‘ஜெலற்றின் இல்லாதவை’ என்ற வரிசையில் சேர்த்தல் தகாது. சொல்லாமல் நீக்கிவிடலும் முறையன்று. ‘விபரம் தரப்படவில்லை’ எனத் தனியே நிறுத்துவதே நேர்மை. வேண்டியது கடையில் இல்லையாயின், ‘இல்லை’ என்பதே விடையாதல் வேண்டும். வேறொன்றை அதன் இடத்தில் வைத்தல் ஆகாது.

கடை அவனுடையது; தன் சரக்கைத் தான் விரும்பியவாறு அடுக்க வணிகனுக்கு உரிமை இல்லையா எனச் சிலர் வினவலாம். உண்டு. ஆயின், சந்தைத் தெருவில் பிழையாக அடுக்கிய கடையை விட்டு அடுத்த கடையை நாம் கண்ணாலே காணலாம். திரையிலோ முதற் பக்கத்தில் வாராதது பலர்க்கு இல்லாததேயாம். காண்பதற்கான வாயில் ஒன்றேயாகும்போது வாயில் காப்போனின் பொறுப்பு மிகுகின்றது. பணம் பெற்று முன்வைத்த பொருளை அவ்வாறே குறித்து வைப்பின் அது விளம்பரம். குறியாது வைப்பின் அது வஞ்சகம்.

எனினும், அரிதட்டுக்கும் எல்லை உண்டு. அது பருமனை அறியும், ஒளியை அறியாது. ஒளியை அறியப் பழகிய கண் வேண்டியிருந்தது. அவ்வாறே எத்துணை நுண்ணிய வடிகட்டியும் ஒருவனுக்கு அம்மாத்திரை தேவைதானா என்பதை உரைக்காது; அது மருத்துவன் ஆராய்ந்து கூறவேண்டியது. தன் எல்லையைத் தானே அறிவிப்பதும் கருவியை ஆக்கியோனின் கடமையாகும்.

ஆகவே, வகைப்படுத்தல் வெறும் தொழில்நுட்பமன்று. எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்னும் ஒவ்வொரு முடிவும் காணாத ஒருவரின் உடலைத் தொடுகின்றது. மன்னார்க் கரையில் வாங்குவோன் துளைகளைத் தன் கண்ணாற் கண்டான். தட்டை வாங்கி மீண்டும் அரிக்கவும் அவனால் இயன்றது. இன்றைய தேடுவோனுக்கும் அவ்வுரிமை வேண்டும். எவ்வளவால் தனக்காக அரிக்கப்பட்டது என அறியாதவன் தெரிவு செய்யவில்லை. தெரிவு செய்யப்பட்டதைப் பெற்றுக்கொள்கின்றான்.