வரிசையில் ஆளில்லாதவன்



அருளப்பர் எழுதிய நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு நோயாளர் வரிசை வருகிறது. பல முறை வாசித்திருப்பீர்கள். ஆனால் அதை ஒரு வரிசையென்று நினைத்திருக்க மாட்டீர்கள். யெருசலேமில் ஆட்டு வாயிலுக்கு அருகே பெத்சதா என்றொரு குளம். அதற்கு ஐந்து மண்டபங்கள். குருடர், முடவர், கைகால் வழங்காதவர் எனப் பிணியாளர் பலர் அங்கே கிடந்தார்கள். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவனுக்குச் சுகம் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களில் ஒருவன் 38 ஆண்டுகளாக நோயாளி. யேசு அவனிடம், சுகமடைய விருப்பமா என்று கேட்கிறார். அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன்னை இறக்கிவிட ஒரு ஆளில்லை என்றும், தான் போய்ச் சேருமுன் வேறொருவன் முந்திவிடுகிறான் என்றும் முறையிடுகிறான்.

கவனித்தீர்களா? குளம் பக்கத்திலேயே இருந்தது. யாரும் அங்கே பணம் கேட்கவில்லை. அவனுக்கு இல்லாதது ஒன்றே ஒன்று: ஆள்.

இந்த வாசகம் எனக்குப் புதிதாக விளங்கியது புத்தளத்தை அடுத்த தில்லையடியில், ஒரு வீட்டுத் திண்ணையில். அந்த வீட்டுத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சுவாமி, கனடாவில் வைத்தியம் இலவசம் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? என்ரை மகள் காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏழு மணித்தியாலம் இருந்திருக்கிறாள். பிறகு வந்தவர்கள் எல்லாம் முதலில் உள்ளே போனார்களாம். ஏனென்று கேட்கப் பாஷையும் வரவில்லை. ‘அம்மா, எனக்கு இங்கே ஒரு ஆளில்லையே’ என்று தொலைபேசியில் அழுதாள்.”

38 ஆண்டு நோயாளியின் அதே முறைப்பாடு!

அந்தத் தாய்க்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஏனெனில் உங்களிலும் பலருடைய பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இத்தாலியிலும் இருக்கிறார்கள். கனடாவின் அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த ஒழுங்கில் அழைப்பதில்லை. தாதி முதலில் நோயாளியைப் பார்த்து, நோயின் கடுமைப்படி ஐந்து படிகளில் ஒன்றில் சேர்க்கிறார். உயிர் ஊசலாடுகிறவர் முதற்படி. நெஞ்சு வலியோடு பின்னால் வந்தவர் முன்னால் போவார். காய்ச்சல் இருந்தாலும் தெளிவாக மூச்சு விடும் பிள்ளை காத்திருக்கும். காத்திருக்கையில் பிள்ளையின் நிலை மோசமானால், முறை வரட்டும் என்று இருந்துவிடாமல் உடனே தாதியிடம் போய்ச் சொல்ல வேண்டும். பெத்சதாவில் ஓடக்கூடியவனுக்கு முதலிடம். இங்கே ஓட முடியாதவனுக்கு முதலிடம். இது நற்செய்திக்குக் கிட்டிய ஒழுங்கு அல்லவா? இதை அந்த மகளுக்குச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், ஏழு மணித்தியாலமும் அவமானமாகத் தோன்றியிராது. நேரம் குறைந்திராது, கண்ணீர் குறைந்திருக்கும்.

எல்லாத் தாமதமும் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. கனடாவில் குடும்ப வைத்தியர் கிடைக்காதவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் புதிதாகக் குடியேறியவர், வந்த மாதத்தின் மிச்சமும் மேலும் இரண்டு மாதங்களும் கழிந்த பின்னரே அரசாங்க மருத்துவக் காப்புப் பெறுகிறார். ஒன்ராறியோவில் இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020-ல்தான் நீக்கப்பட்டது. பிரித்தானியாவுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர், தங்கப் போகும் ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு சுகாதாரக் கட்டணத்தை விசா கேட்கும்போதே கட்டவேண்டும். 2015-ல் அது ஆண்டுக்கு 200 பவுணாக இருந்தது. 2024-ல் வளர்ந்தவர் ஒருவருக்கு 1,035 பவுண் ஆயிற்று. கனடாவில் வைத்தியரைப் பார்க்கப் பணமில்லை என்றாலும், பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி, வீட்டில் எடுக்கும் மருந்து ஆகியவற்றுக்குப் பலர் தம் கையிலிருந்தே கொடுக்கிறார்கள்.

ஆகவே, பெற்றோரே, ஒன்றைச் சிந்தியுங்கள். திருநாளுக்கும் வீட்டுச் சுவருக்கும் பணம் அனுப்பச் சொல்லிக் கேட்கிறோம். அங்கே பிள்ளை பல்வலியை மறைத்துக்கொண்டு அனுப்புகிறான். மாற்கு எழுதிய நற்செய்தியில் 12 ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண், தன்னிடம் இருந்ததையெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் பின்னால் வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள். வெளியில் சொல்ல முடியாத நோயும் வெறுங்கையும் சேரும்போது மனிதர் அப்படித்தான் ஒளிந்து வருவார்கள். அடுத்த முறை பேசும்போது, “எவ்வளவு அனுப்பினாய்?” என்பதற்கு முன்னால், “உடம்பு எப்படி?” என்று கேளுங்கள்.

இனி அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டு முஸ்லிம் மூதாட்டி வேலியோரம் நின்றார். மன்னாரிலிருந்து வந்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. மன்னார்த் தீவு மக்கள் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். தில்லையடியிலும் சுற்றுப்புறத்திலும் ஓலைக் கொட்டில்கள் எழும்பின. இருந்த கிணறும், பாடசாலையும், வைத்தியசாலையும் திடீரென்று வந்த மக்களுக்கும் சேர்த்துப் போதவேண்டியதாயிற்று.

அந்த மூதாட்டி கோபமில்லாமல் சொன்னார்: “தங்கச்சி, நாங்க வந்த புதிதில் நானும் இப்படித்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வரிசையில் நின்றேன். ‘வந்தவங்க வந்து நம்பர் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க’ என்று பின்னால் பேசினாங்க. இலவச மருந்துதான். ஆனா அன்றைக்கு அது தொண்டையில் இறங்கல்ல.”

எங்கள் தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தலைகுனிந்து, “அப்படிப் பேசினவர்களில் நானும் ஒருத்தி, சுவாமி” என்றார்.

பிரியமானவர்களே, எந்த அளவையால் அளக்கிறோமோ அதே அளவையால் நமக்கும் அளக்கப்படும் என்று ஆண்டவர் எச்சரித்தார். தாயின் பாவத்துக்காக மகள் தண்டிக்கப்பட்டாள் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். நம் கடவுள் அப்படிப்பட்டவர் அல்லர். ஆனால் தன் மகள் அழுதபோதுதான் அயலாளின் பழைய கண்ணீர் அந்தத் தாய்க்குத் தெரிந்தது. அது தண்டனை அல்ல, வரப்பிரசாதம். அன்று மாலை அவர் தேநீர் ஊற்றி, இரண்டு கோப்பைகளோடு அந்த வேலியைத் தாண்டிப் போனார்.

நல்ல சமாரியனைப் பாருங்கள். சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான் என்பதை நாம் மறப்பதில்லை. அதற்கு முன்னே காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், அன்றிரவு பக்கத்தில் இருந்து கவனித்தான் என்பதை மறந்துவிடுகிறோம். பணம் கடைசியில்தான் வருகிறது. முதலில் அவன் ஆளானான்.

நாம் எப்படி ஆளாவது? பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். பிள்ளை வெளிநாடு போகுமுன் தடுப்பூசி அட்டையையும், கிளினிக் கொப்பியையும், எடுக்கும் மருந்தின் பெயர் எழுதிய துண்டையும் பெட்டியில் வையுங்கள். பாஷை தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள், கேட்பது வெட்கமல்ல. இத்தாலியில் பத்திரமில்லாமல் இருக்கிறவன் பிடிபடுவோம் என்று பயந்து நோயோடு அறைக்குள் கிடக்கிறான். அவனுக்கும் அவசரமான, இன்றியமையாத சிகிச்சை உண்டு. வைத்தியசாலை சாதாரணமாக அவனைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. இதை அவனுக்கு எழுதுங்கள். அங்கே ஏற்கெனவே வேரூன்றியவர்கள், பங்கில் புதிதாய் வந்த குடும்பத்தோடு ஒரு நாள் வைத்தியசாலை வாங்கில் போய் உட்காருங்கள். அந்த ஒரு நாள் பெரிய தருமம்.

இங்கேயும் கிழமைதோறும் விடியுமுன் கிளினிக் வரிசை நிற்கிறது. படிக்கத் தெரியாத கிழவர், சிங்களம் தெரியாத தாய், வெளியில் வாங்கச் சொன்ன மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறவர், எல்லோரும் அதில் நிற்கிறார்கள். அவர்கள் கத்தோலிக்கரா என்று கேளாதீர்கள். 38 ஆண்டு நோயாளியிடம் யேசு அதைக் கேட்கவில்லை. சொல்லப்போனால், குணமாக்கியவர் யார் என்று அவனுக்கே தெரியாதிருந்தது.

நம் கடற்கரையில் தலவில் அன்னம்மாள் திருத்தலம் இருக்கிறது. வேலை தேடி மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்து, வெறுங்கையோடு திரும்பிய ஒரு பரதேசி, மரத்தடியில் களைத்துப் படுத்த இடமே அது என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்கள். புதிதாய் வந்தவன் ஒருவனின் களைப்பிலிருந்து தொடங்கிய தலத்துக்கு நாம் ஆண்டுதோறும் நேர்த்திக்கடன் கொண்டுபோகிறோம். இந்த ஆண்டு மெழுகுதிரியோடு இன்னொரு நேர்த்தியும் வைப்போம்: நான் நிற்கும் வரிசையில் எவனும் ஆளில்லாமல் நிற்கக் கூடாது.

புனித அன்னம்மாள் நமக்காகவும், தூரதேசத்தில் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்காகவும் மன்றாடுவாராக. ஆமென்.