பதினைந்து வயதில் முடிந்துபோகும் பாடம்

சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடம் கூட்டுச்சாலையிலும் விடியுமுன் வந்து நிற்கும் ஆலைப் பேருந்துகளில், கழுத்தில் அடையாள அட்டையும் தூக்கம் கலையாத கண்களுமாக ஏறுகின்ற இளம்பெண்களிற் பலர், சில ஆண்டுகளுக்கு முன்புதான் பத்தாம் வகுப்புத் தேர்வில் இந்திய அரசியலமைப்பின் முகவுரையைப் பற்றி மனப்பாடமாக எழுதி மதிப்பெண் பெற்றவர்கள். அதன்பின் அறிவியற் பிரிவுக்கோ ஐ.டி.ஐ.க்கோ பாலிடெக்னிக்குக்கோ போனவர்களுக்குக் குடிமையியல் என்ற பாடமே இல்லை. பதினைந்தாம் வயதோடு அது முடிந்துவிட்டது. வாக்குரிமையும் ஆலை வேலையும் பதினெட்டாம் வயதில் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேருகின்றன. அவ்விரண்டையும் ஏற்கும் பிரஜைக்குப் பள்ளி என்ன சொல்லி அனுப்பியது என்று கேட்பது, கல்வித் துறையின் நிர்வாகப் பிரச்சினையை எழுப்புவதன்று. ஒரு தர்மக் கேள்வியை எழுப்புவதாகும்.

சட்டம் தெரியாது என்ற சமாதானத்தை எந்த நீதிமன்றமும் ஏற்பதில்லை. ஒவ்வொரு பிரஜையும் சட்டத்தை அறிந்தவனே என்று அரசு வைத்துக்கொள்கிறது. அப்படி வைத்துக்கொள்ளாமல் ஆட்சி நடத்தவும் இயலாது. ஆனால், ஆறு முதல் பதினான்கு வயது வரை குழந்தையைக் கட்டாயமாகப் பள்ளியில் வைத்துக் கற்பிக்கும் கடமையையும் அதே அரசு ஏற்றிருக்கும்போது, வாழ்நாளெல்லாம் தன்னை ஆளப்போகும் சட்டத்தை அக்குழந்தைக்கு விளங்கச் சொல்லாமல் விட்டு, பின்னாளில் தெரியாதது உன் பிழை என்று கைகழுவுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

பாடநூலில் ஒன்றுமே இல்லை என்று குறை கூறுவதும் உண்மையன்று. 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர் வாடியாவையும் திரு.வி.க.வையும் தலைவர்களாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவிய வரலாறு நம் மாணவருக்குச் சொல்லப்படுவதே. ஆயினும் அது வரலாற்றுப் பகுதியில் ஓர் ஆண்டுக் குறிப்பாக நின்றுவிட, பத்தாம் வகுப்புக் குடிமையியலோ அரசியலமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு, வெளியுறவுக் கொள்கை, சர்வதேச உறவுகள் என்ற வரிசையில் நடந்து, வேலைக்குப் போகும் மனிதனைத் தொடாமலே முடிந்துவிடுகிறது. அந்தச் சங்கத்தின் தலைவர்மீது ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றதும், அதனால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1926இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டதும், சங்கம் அமைக்கும் சுதந்திரத்தைப் பின்னர் அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு உறுதி செய்ததும் ஒரே சரடில் கோக்கப்பட வேண்டியவை. பெரம்பூரில் தொடங்கிய அந்தச் சரடு சுங்குவார்சத்திரம் வரை நீள்கிறது. 2024 செப்டம்பர் 9 தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேலாக அங்கே சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததன் மையக் கோரிக்கை, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே. உயர்நீதிமன்றம் வரை சென்ற அப்பதிவு 2025 ஜனவரியில்தான் கைகூடியது. அவ்வட்டாரத்துப் பள்ளிகளில் அந்நாட்களிலும் 19ஆம் உறுப்பு நடத்தப்பட்டிருக்கும். பாடத்தையும் பக்கத்து ஊரையும் இணைத்துக் காட்டத் துணிந்த ஆசிரியர் ஒருவரேனும் இருந்திருந்தால் அவர் வணக்கத்துக்குரியவர்.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவனவற்றை அலட்சியம் செய்யலாகாது. ஏரிப்பாசனம் பொய்த்த கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் தம் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து, தங்கையின் படிப்புக்குப் பணம் அனுப்பும் நிலையை இந்த ஆலைகளே உண்டாக்கின. உரிமையைப் பற்றிப் பேசிப் பேசி முதலீட்டை அயல் மாநிலத்துக்கு ஓட்டிவிடக் கூடாது என்ற அச்சம் பொய்யச்சமன்று. 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் பட்ட வேதனையைக் கண்டவர்கள் அப்படி அஞ்சுவது இயல்பே. வகுப்பறை கட்சி மேடையாகிவிடும் என்ற கவலையும் உண்டு. ஆயினும், அறியாமையை விலையாகக் கொடுத்து வாங்கும் அமைதி எத்தனை நாள் நிற்கும்?

2021 டிசம்பரில், ஆப்பிளுக்குக் கைப்பேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவ, ஆயிரக்கணக்கானோர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தார்கள். அப்பெண்களைப் பழிப்பது அறமன்று. விடுதிகள் சில தகுதிக்குக் குறைந்திருந்தன என்பதை ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. எண்ண வேண்டியது வேறு. உணவைச் சோதிக்கும் அதிகாரி யார், ஆலை ஆய்வாளரிடம் எப்படி மனுக் கொடுப்பது, தொழிலாளர் துறையின் கடமை என்ன என்ற மூன்று விஷயங்களும் பள்ளியிலேயே பழக்கப்பட்டிருந்தால், முதல் நாள் சோறு கெட்டபோதே ஒரு மனு எழுந்திருக்கக் கூடும். உரிமையை அறியாத இடத்தில் பொறுமையும், பொறுமை தீர்ந்த இடத்தில் வதந்தியும் அல்லவா ஆட்சி செய்கின்றன!

நமக்கு வேண்டிய மாற்றத்துக்குப் புதிய பாடநூல்கூடத் தேவையில்லை. பேருந்தில் அமர்ந்ததும் ஒரு பெண் கைப்பேசியில் திறந்து பார்க்கும் சம்பளச் சீட்டே போதும். அதில் பி.எஃப். என்று நூற்றுக்கு 12, இ.எஸ்.ஐ. என்று நூற்றுக்கு 0.75 பிடித்தம் காட்டப்பட்டிருக்கும். அந்தச் சீட்டு ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒரு பாடவேளை பேசினால், ஏழாம் வகுப்பில் படித்த சதவீதக் கணக்கும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் ஒரே இடத்தில் சந்திக்கும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, “பிடிச்ச பணம் யார்கிட்ட போகுது சார், முதலாளி தன் பங்கைக் கட்டினாரான்னு நாம எங்க போய்ப் பார்க்கிறது?” என்று கேட்கும்.